வீட்டில் கட்டப்படும் விமானத்தின் எஞ்சினைக் குளிர்த்தும் வளி

பௌதிகவியல் – உயர்தரம்
பாய்பொருள் இயக்கவியலும் வெப்பமும்: ஒரு பிரயோகம்

பேணூலியின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுத மாணவர்கள் பலருக்குத் தெரியும். அதன் பிரயோகங்களைக் கேட்டால் விமானச் சிறகு, தெளிகருவி, வெந்தூரிமானி என்ற மூன்றுடன் நின்றுவிடுவர். நான்காவது பிரயோகம் ஒன்றை இங்கு பார்ப்போம். இதில் பேணூலியின் சமன்பாடு, தொடர்ச்சிச் சமன்பாடு, தன்வெப்பக் கொள்ளளவு, உந்த மாற்ற வீதம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் வருகின்றன. எனவே அமைப்புக் கட்டுரை வினாவுக்கு இது நல்ல பயிற்சி.

ஐக்கிய அமெரிக்காவில் தமது விமானத்தைத் தாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இத்தகையோருக்காகப் பரிசோதனை விமானச் சங்கம் 1953 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. வரைபடத்தை வாங்கியோ, றிச்சட் வான்குறன்ஸ்வனின் ஆர்.வி. வகை விமானங்களைப் போலப் பாகங்களைத் தொகுதியாக வாங்கியோ வாகனக் கொட்டகையில் வைத்துப் பூட்டுகின்றனர். எஞ்சின் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வருகிறது. ஆனால் அந்த எஞ்சினைச் சுற்றி வளி எவ்வழியாகச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தகடுகளை வெட்டி, வளைத்துப் பொருத்துபவர் கட்டுபவரே. அவ்வேலை சரியில்லையேல் நல்ல எஞ்சினும் கெடும்.

இவ்விமானங்களில் பெரிதும் பயன்படுபவை லைக்கோமிங், கொன்ரினென்ரல் போன்ற வளியாற் குளிர்த்தப்படும் எஞ்சின்கள். நான்கு உருளைகள் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினிற் காணும் மெல்லிய செட்டைகள் இவற்றிலும் உண்டு. லைக்கோமிங் எஞ்சின்கள் பலவற்றில் உருளைத் தலையின் உச்ச வெப்பநிலை 260 பாகை செல்சியஸ். நீடித்த ஆயுள் வேண்டுமெனில் சாதாரண பறப்பில் அதை ஏறத்தாழ 205 பாகைக்குக் கீழே வைத்திருப்பது நன்று. உருளைத் தலை அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. வெப்பநிலை கூடும்போது அதன் வலிமை விரைவாகக் குறையும், வெடிப்புகள் தோன்றும். எரிபொருட் கலவை உருளைக்குள் தானாகவே வெடித்து எரியத் தொடங்கினாற் சில நிமிடங்களிலேயே முசலம் உருகித் துளைபடலாம். இருப்பதோ ஒரேயோர் எஞ்சின் என்பதை மறவாதீர்கள்.

ஆபத்தான வேளை எது? மிக விரைவாகப் பறக்கும் வேளை என்றே பலர் விடையளிப்பர். அது பிழை. தரையிலிருந்து எழுந்து மேலேறும் வேளையே ஆபத்தானது. அப்போது எஞ்சின் முழு வலுவையும் பிறப்பிக்கும், வேகமோ குறைவு. ஏன் என்பதை எண்களாற் காண்போம்.

முதலில், எவ்வளவு வளி தேவை? 160 பரிவலு, அதாவது ஏறத்தாழ 119 கிலோவாற்று வலுவுடைய எஞ்சின் ஒன்று செட்டைகளின் ஊடாக 45 கிலோவாற்று வெப்பத்தை வளிக்குக் கொடுப்பதாகக் கொள்க. வளி 30 பாகையில் உட்புகுந்து 80 பாகையில் வெளியேறுகிறது. வளியின் தன்வெப்பக் கொள்ளளவு 1000 யூல்/கிலோகிராம் கெல்வின் எனக் கொண்டால்,

ஒரு செக்கனிற் செல்லும் திணிவு = 45000 ÷ (1000 × 50) = 0.9 கிலோகிராம்

வளியின் அடர்த்தியைக் கணித்தலின் எளிமைக்காக 1.2 கிலோகிராம்/கன மீற்றர் எனக் கொள்வோம். அப்போது கனவளவுப் பாய்ச்சல் வீதம் 0.75 கன மீற்றர்/செக்கன். மூக்கின் இருபுறமும் உள்ள இரு வாயில்களின் மொத்தப் பரப்பு 375 சதுர சென்ரிமீற்றர், அதாவது 0.0375 சதுர மீற்றர் எனின், வாயிலில் வளியின் வேகம் 0.75 ÷ 0.0375 = 20 மீற்றர்/செக்கன்.

இனி அமுக்கம். விமானம் செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் மேலேறுகிறது. பேணூலியின் சமன்பாட்டைப் பிரயோகிக்கும்போது வேகங்கள் யாவும் விமானம் தொடர்பாக எடுக்கப்படவேண்டும். தரை தொடர்பாக எடுத்தால் பாய்ச்சல் உறுதியானதாக இராது; விடையும் பொருந்தாது. விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் பிழை இதுவே. விமானம் தொடர்பாகத் தூரத்து வளி 45 உடன் வந்து வாயிலில் 20 ஆகக் குறைகிறது. எனவே,

அமுக்க உயர்வு = ½ × 1.2 × (45² − 20²) = 975 பஸ்கால்

வளி முற்றாக ஓய்வுக்கு வருமாயின் கிடைக்கக்கூடிய உயர்வு ½ × 1.2 × 45² = 1215 பஸ்கால். மீதி 240 பஸ்கால் இன்னும் இயக்கசக்தியாக வளியிடம் உண்டு. வாயிலுக்குப் பின் குழாய் மெல்ல மெல்ல விரிந்து சென்றால் அதிலும் பெரும்பகுதியை அமுக்கமாகப் பெறலாம். சடுதியாக விரிந்தால் வளி சுவரை விட்டுப் பிரிந்து சுழிகளாகி, அச்சக்தி வீணாகும். விரியும் மொத்தக் கோணம் 7 முதல் 10 பாகை வரை இருத்தல் விரும்பத்தக்கது. அழகுக்காக வாயிலைச் சிறிதாக்குவோர் இதைக் கவனிக்கவேண்டும். பரப்பை 250 சதுர சென்ரிமீற்றராக்கினால் வாயில் வேகம் 30 ஆகும். அமுக்க உயர்வு 675 பஸ்காலே. மீதி 540 உம் விரியும் குழாயின் தரத்தையே நம்பியிருக்கும்.

எமது உதாரணத்தில் விரியும் குழாய் இல்லையெனக் கொள்வோம். எஞ்சினுக்கு மேலுள்ள அறையில் வெளியமுக்கத்திலும் 975 பஸ்கால் கூடுதலாக உள்ளது. கீழறையில் 240 கூடுதலாக உள்ளது. வித்தியாசம் 735 பஸ்கால். நீர் நிரலாகச் சொன்னால் 7.5 சென்ரிமீற்றர்! ஆய்வுகூடத்தில் நீங்கள் கையாளும் நீர் மானோமானியே இதை அளக்கப் போதும். கட்டுபவர்கள் உண்மையிலேயே இரு அறைகளிலிருந்தும் மெல்லிய குழாய்களை இழுத்து இவ்வாறு அளக்கின்றனர். இச்சிறிய வித்தியாசமே வளியைச் செட்டைகளுக்கு இடையே தள்ளுகிறது. செட்டைகளின் ஊடான பாய்ச்சலுக்குப் பேணூலியின் சமன்பாட்டைப் பிரயோகிக்கலாகாது. அங்கே பிசுக்குமையாலும் கொந்தளிப்பாலும் சக்தி இழக்கப்படுகிறது, வெப்பமும் சேர்கிறது.

வளி சோம்பேறி என்று சொல்லலாம். இலகுவான வழி இருந்தால் செட்டைகளுக்குள் நுழைந்து சிரமப்படாது. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தகட்டின் ஓரத்தில் 4 மில்லிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட இடைவெளி ஒன்று இருப்பதாகக் கொள்க. பரப்பு 20 சதுர சென்ரிமீற்றர். 735 பஸ்கால் வித்தியாசத்தில் வளி அதனூடாகப் பாயும் வேகம் √(2 × 735 ÷ 1.2) = 35 மீற்றர்/செக்கன். பாய்ச்சல் 0.07 கன மீற்றர்/செக்கன். தேவையான வளியில் 9 சதவீதத்துக்கும் மேல். (தாரை சுருங்குவதால் உண்மைப் பெறுமானம் சற்றுக் குறையும்.) ஒரு விரல்கூட நுழையாத இடைவெளி இது. ஆகவேதான் தடுப்புத் தகடுகளின் விளிம்பில் சிலிக்கன் இறப்பர்ப் பட்டி பொருத்தப்படுகிறது. பட்டி அமுக்கம் கூடிய மேலறைப் பக்கமாக வளைந்திருக்க வேண்டும். அப்போது அமுக்கமே அதை எஞ்சின் மூடியுடன் அழுத்தி அடைக்கும். மறுபக்கம் வளைந்தால் அதே அமுக்கம் பட்டியைத் திறந்துவிடும்.

உருளைகளின் கீழ்ப்பக்கத்தையும் தகடு அணைத்துச் செல்லவேண்டும். இல்லாவிடின் மேலிருந்து வரும் வளி உருளையின் பக்கத்தைக் கடந்ததும் பிரிந்து விலகிவிடும். கீழ்ப்புறச் செட்டைகள் வெறுமனே சூடாகிக்கொண்டிருக்கும். முன்னுருளைகள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து பின்னுருளைகள் சூடாயின், முன்னுருளைகளுக்கு முன்னே சிறு தடுப்பொன்றை வைத்து, பறந்து பார்த்து, அதன் உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றுவர். இதற்குச் சூத்திரம் கிடையாது.

இப்போது ஆபத்தைக் கணிப்போம். விமானி மூக்கை மேலும் உயர்த்த, வேகம் 45 இலிருந்து 36 ஆகக் குறைகிறது. இயக்க அமுக்கம் (36/45)² = 0.64 மடங்காகும். அமுக்க இழப்பு பாய்ச்சலின் வர்க்கத்துக்கு விகிதசமம் எனின், பாய்ச்சல் 0.8 மடங்கு, அதாவது 0.72 கிலோகிராம்/செக்கன். வெப்பமோ அதே 45 கிலோவாற்று. வளியின் வெப்பநிலை உயர்வு 62.5 பாகையாகும். செட்டைகளைச் சூழும் வளி சூடானதோடு அதன் வேகமும் குறைந்துவிட்டதால் உலோகத்தின் வெப்பநிலை உயரத்தான் வேண்டும். உருளைத் தலை சூடேறுவதைக் கண்ட விமானி முதலிற் செய்யவேண்டியது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவது.

அடுத்து வெளிவாயில். 30 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சென்ற வளியின் கனவளவு 353/303 = 1.165 மடங்காகிறது, பாய்ச்சல் 0.87 கன மீற்றர்/செக்கன். கீழறையின் 240 பஸ்கால் மிகையமுக்கம் சூடான வளியைச் செக்கனுக்கு 21.6 மீற்றர் வேகத்துடன் வெளித்தள்ளும். ஆகவே வெளிவாயிலின் பரப்பு ஏறத்தாழ 405 சதுர சென்ரிமீற்றர். புகைபோக்கிக் குழாய் அவ்வாயிலின் ஊடாகச் சென்றால் அது அடைக்கும் பரப்பையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

சமமட்டப் பறப்பில் வேகம் செக்கனுக்கு 80 மீற்றர் என்க. பாய்ச்சல் 80/45 மடங்காகி 1.6 கிலோகிராம்/செக்கன் ஆகும். வெளியேறும் வேகம் ஏறத்தாழ 38. உந்த மாற்ற வீதத்தின்படி இழுவை விசை 1.6 × (80 − 38) = 67 நியூற்றன். அதை வெல்லச் செலவாகும் வலு 67 × 80 = 5.4 கிலோவாற்று, அதாவது ஏறத்தாழ 7 பரிவலு. எஞ்சினின் வலு இவ்வேளை குறைக்கப்பட்டிருப்பதால் இவ்வளவு வளி தேவையே இல்லை. எனவேதான் சில விமானங்களில் வெளிவாயிலில் அசையும் மடல் ஒன்று வைத்து, மேலேறும்போது திறந்து, பின்னர் மூடுகின்றனர்.

எஞ்சினை மூடியால் ஒழுங்காக மூடினால் குளிர்ச்சியும் வேகமும் ஒருங்கே கிடைக்கும் என்பதை பிரெட் வைக் என்பாரின் குழு அமெரிக்காவின் லாங்லி ஆய்வுகூடத்தில் 1928 இற் காட்டியது. கேட்டிஸ் ஹோக் விமானமொன்றின் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது.

பயிற்சி

1. மேற்கூறிய விமானம் செக்கனுக்கு 54 மீற்றர் வேகத்தில் மேலேறினால் வளியின் பாய்ச்சல் வீதத்தையும் வெப்பநிலை உயர்வையும் காண்க. (விடை: 1.08 கிலோகிராம்/செக்கன், 41.7 பாகை)

2. வெளிவாயிலை மாற்றாது உள்வாயிலை மட்டும் இருமடங்காக்கிய ஒருவர் எஞ்சின் போதியளவு குளிரவில்லை எனக் கண்டார். காரணத்தை அமுக்க வித்தியாசத்தின் மூலம் விளக்குக.

3. மேலறையிலும் கீழறையிலும் தொடுத்த நீர் மானோமானி, தகடுகளின் இடைவெளிகளை அடைக்க முன்னர் 5.5 சென்ரிமீற்றரையும் அடைத்த பின்னர் 7.5 சென்ரிமீற்றரையும் காட்டியது. செட்டைகளின் ஊடான பாய்ச்சல் எத்தனை மடங்காகியிருக்கும்? (விடை: ஏறத்தாழ 1.17)