முள் இல்லாத கள்ளி



கள்ளி என்றதும் வேலி ஓரத்துச் சப்பாத்திக்கள்ளிதான் நமக்கு ஞாபகம் வரும். பழம் தின்றால் நாக்கு சிவக்கும், அவ்வளவுதான். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அங்கே அதற்கு ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. பெயர் பெயோட்டி. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எப்படி இருக்கும்?
மெக்சிகோவின் வடக்கிலும், டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கிலும் வறண்ட நிலத்தில் வளர்கிறது. முள்ளே கிடையாது. சின்னப் பூசணிக்காய் மாதிரி தரையோடு தரையாக இருக்கும். மண்ணுக்குள் கேரட் மாதிரி வேர். விதை முளைத்து முழுச் செடியாகப் பத்து வருஷத்துக்கு மேலேயும் ஆகும்!

உள்ளே என்ன?
மெஸ்கலின் என்ற போதைப்பொருள். 1897-ல் ஜெர்மனி விஞ்ஞானி ஆர்தர் ஹெஃப்டர், எந்தப் பொருளால் போதை வருகிறது என்று தன் உடம்பிலேயே சோதித்துக் கண்டுபிடித்தார். நம் மூளையில் செய்தி கொண்டுபோகும் பொருள்களில் ஒன்று செரட்டோனின். அது திறக்க வேண்டிய பூட்டை மெஸ்கலின் கள்ளச்சாவி போட்டுத் திறந்துவிடுகிறது.

தின்றால் என்ன ஆகும்?
1. முதலில் குமட்டல், வாந்தி.
2. இதயம் வேகமாகத் துடிக்கும். ரத்த அழுத்தம் ஏறும். கைகால் நடுங்கும்.
3. இல்லாத நிறமும் உருவமும் தெரியும். சிலருக்குப் பெரும் பயம் பிடிக்கும்.
4. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கும். நடுவில் "போதும்" என்று நினைத்தாலும் நிறுத்த முடியாது. கிணறு எது, ரோடு எது என்றே தெரியாமல் விபத்து நடக்கலாம்.

இதய நோய், மனநோய் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

"அங்கே சிலர் சாப்பிடுறாங்களே?" என்று கேட்பீர்கள். மெக்சிகோவின் விஷாரிகா பழங்குடியினருக்கு அது சாமிச் செடி. யாத்திரை போய், பெரியவர்கள் துணையோடு, வழிபாட்டில் எடுப்பார்கள். போதைக்காக வருபவர்களோ வேரோடு பிடுங்குகிறார்கள். அதனால் செடியே குறைந்து வருகிறது. பத்து வருஷம் வளர்ந்தது ஒரு நிமிஷத்தில் போய்விடுகிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். மேல்பகுதியை மட்டும் வெட்டினால் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி மெஸ்கலின் வைத்திருப்பதே குற்றம்.

நமக்கு என்ன பாடம்?
பெயோட்டி நம்ம ஊரில் இல்லை. ஆனால் ஊமத்தை இருக்கிறதே! அதிலுள்ள விஷம் வேறு. அதன் விதையைத் தின்றால் நாக்கு வறண்டு, புத்தி தடுமாறி, உயிரே போகலாம். "செடிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று யார் நீட்டினாலும் வாங்காதீங்க. யாராவது தின்றுவிட்டால், திட்டுவாங்களே என்று மறைக்காதீங்க. உடனே டீச்சரிடமோ வீட்டிலோ சொல்லுங்க. 108-க்குப் போன் பண்ணுங்க. தின்ற செடியில் ஒரு துண்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. டாக்டருக்கு உதவும்.

முள் இருந்தால் கை தானாக விலகும். முள் இல்லாத இடத்தில் நம் அறிவுதான் விலக வேண்டும்!