வரைபலகை தேர்தல்

உருவம் தீட்டுதலையும் எழுத்துப் பொறித்தலையும் 'எழுதுதல்' என்னும் ஒரே சொல்லாற் குறித்தல் பழந்தமிழ் வழக்கு. சுவரில் ஓவியம் தீட்டியவனும் எழுதினான். ஓலையில் எழுத்தாணி பிடித்தவனும் எழுதினான். பிற்காலத்தில் தூரிகை ஒரு வழியும் எழுதுகோல் மற்றொரு வழியும் சென்றன. பிரிந்து சென்ற அவ்விரண்டையும் ஒரே கோலில் மீண்டும் கூட்டிவைத்திருக்கிறது ஒரு புதுக்கருவி. மையும் வண்ணமும் தோயாத கோல் ஒன்று, யாதும் எழுதப்பெறாத தட்டையான பலகை ஒன்று, இவையே அதன் உறுப்புகள். கோல் பலகையின்மேற் செல்லும். கோடு கணினித் திரையில் தோன்றும். கடைகளில் டிராயிங் டேப்லட் என்று வழங்கும் இதனை வரைபலகை எனலாம்.

இதன் முன்னோரைத் தேடிச் செல்வோர் தொலைவிலேயே சிலரைக் காண்பர். 1888-ஆம் ஆண்டில் எலிசா கிரே என்னும் அமெரிக்கர் டெலாட்டோகிராப் என்ற பொறிக்கு உரிமம் பெற்றார். ஓரிடத்தில் ஒருவர் எழுதுவதை மின்கம்பி வழியே பெற்று, மற்றோரிடத்திலுள்ள கோல் அவருடைய கையெழுத்தாகவே எழுதிக் காட்டும் பொறி அது. கணினிக்கென அமைந்த பலகைகளுள் பெயர்பெற்றது 1964-இல் கலிபோர்னியாவில் ராண்டு நிறுவனத்தார் செய்தது. பத்து அங்குலச் சதுரமான அதன் பரப்பில் நெடுக்கிலும் குறுக்கிலும் 1,024 நுண்கோடுகள் ஓடின. அவை ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை. ஒவ்வோரிடமும் தன்னைப் பற்றிய மின்குறிப்பை வெளியிட, கோல் அதனைக் கேட்டுக் கணினிக்கு உரைத்தது. விலை 18,000 டாலர் அளவினது. அந்நாளில் ஒரு மாணவன் இதனை விரும்பியிருப்பின் கனவில்தான் வாங்கியிருத்தல் கூடும்!

அப்பலகையின் கோல் கம்பியாற் பிணைக்கப்பட்டிருந்தது. ஜப்பான் நாட்டில் 1983-இல் தொடங்கப்பெற்ற வாக்கம் நிறுவனம், அடுத்த ஆண்டிலேயே கம்பியற்ற கோலைக் கொணர்ந்து அக்கட்டினை அவிழ்த்தது. அந்நிறுவனத்தார் கையாண்ட முறை வியத்தற்குரியது. பலகையினுள் உள்ள கம்பிச் சுருள்கள் காந்த அலையை எழுப்புகின்றன. கோலினுள் இருக்கும் சிறு சுருள் அவ்வலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுக்கொண்டு மறுமொழி அலை ஒன்றை விடுக்கிறது. அம்மறுமொழி எவ்விடத்தில் வலிதாகக் கேட்கிறதென்று நோக்கிக் கோலின் இருப்பிடத்தைப் பலகை அறிகிறது. கை அழுத்தினால் அவ்வலை சிறிது திரியும். அத்திரிபே அழுத்தத்தின் அளவு. ஆகவே கோலுக்கு மின்கலம் வேண்டுவதில்லை. இன்று பல நிறுவனங்களின் பலகைகளிலும் இத்தகைய கோலைக் காணலாம்.

இன்று வரைபலகை சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும். ஓர் இலட்சத்திற்கு மேலும் விலை கூறுவர். இடர் தொடங்குவது இங்கேதான். மகளின் ஓவிய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த தந்தை ஒருவர், ஓராண்டுக் காலம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு கடைக்குச் செல்கிறார் என்க. அங்கே அட்டைப்பெட்டிகளின்மேல் பேரெண்கள் ஒளிர்கின்றன. ஒன்றில் 8,192 என்று காண்கிறது, மற்றொன்றில் 16,384. கோல் பகுத்துணரும் அழுத்தப் படிகளின் எண்ணிக்கை இது. "ஐயா, இஃது இருமடங்கு உயர்ந்தது" என்கிறார் கடைக்காரர். விலையும் ஏறத்தாழ இருமடங்கு. மகளின் முகத்தைப் பார்க்கும் தந்தை என் செய்வார்?

இருமடங்கு என்பது எண்ணளவில் உண்மையே. ஆயினும், மெல்ல ஊன்றுவதற்கும் வலிந்து ஊன்றுவதற்கும் இடையே எட்டாயிரம் படிகளை வேறுபடுத்தி அழுத்தவல்ல விரல் எவர்க்கும் இல்லை. பெட்டியின்மேல் பெரிதாக எழுதப்பெறாத ஒன்றே இங்கு இன்றியமையாதது. கோடு தோன்றத் தொடங்குதற்கு எத்துணை அழுத்தம் வேண்டும் என்பதே அது. நுனி பட்டவுடன் மயிரிழை போன்ற கோடு விழுதல் வேண்டும். வலிந்து அழுத்தினாலன்றிக் கோடு விழாத கோலைப் பிடித்து வரைபவரின் விரல்கள் விரைவில் ஓய்ந்துவிடும்.

நுண்மையைக் குறிக்கும் எண்ணும் இவ்வாறே மயக்குவது. ஓரங்குலத்திற்கு 2,540 கோடுகள் என்றும் 5,080 கோடுகள் என்றும் எழுதியிருப்பர். சிறியதோர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,540 என்பது ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடுகள். பலகையின் அகலம் 15 சென்டிமீட்டராயின், அது 15,000 இடங்களைப் பிரித்தறியும். பலரும் பயன்படுத்தும் திரையின் குறுக்கே உள்ள பிக்சல் என்னும் புள்ளிகளோ 1,920 தாம். திரையின் ஒரு புள்ளிக்குப் பலகையில் ஏழுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. குறைந்த எண்ணே தேவைக்கு மிஞ்சி நிற்க, அதனை இருமடங்காக்கிப் பெறும் பயன் என்னை?

பலகையின் பரப்போ எண்ணிப் பார்க்கத்தக்கது. திரையின் அகலம் 53 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 15 சென்டிமீட்டர்ப் பலகையில் கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் மூன்றரை சென்டிமீட்டர்க் கோடு விழும். கையின் சிறு நடுக்கமும் அங்கே பெருகித் தோன்றும். 22 சென்டிமீட்டர்ப் பலகையில் அப்பெருக்கம் இரண்டரை மடங்கிற்கும் குறைவு. சிறு பலகையில் மணிக்கட்டு மட்டும் அசையும். அகன்ற பலகையில் முழங்கையும் தோளும் உடன் இயங்கும். நெடுங்கோடுகளைத் தோளிலிருந்து இழுத்துப் பழகியவர்க்குச் சிறு பலகை கூண்டு போலத் தோன்றும். எழுத்துருவும் சின்னமும் போன்ற சிறு வேலை செய்வார்க்கு அதுவே போதும். மேசையில் இடமும் மிஞ்சும்.

பரப்போடு வடிவத்தையும் நோக்குதல் வேண்டும். இக்காலத் திரைகளுட் பல 16-க்கு 9 என்னும் விகிதத்தில் அமைந்தவை. பலகை 4-க்கு 3 என்று அமைந்திருந்து, அதன் பரப்பு முழுதும் திரை முழுமைக்கும் ஈடாக வைக்கப்படின், கை வட்டம் வரையத் திரையில் முட்டை வடிவம் தோன்றும். பலகையின் ஒரு பகுதியை விலக்கி வைக்கும்படி மென்பொருளில் ஆணையிட்டால் இக்குறை தீரும். இதனை அறியாத சிலர் தம் கையே பிழையென்று வருந்துவர்.

திரையோடு கூடிய பலகையும் உண்டு. வரையும் இடத்திலேயே கோடு தோன்றுவதால் தாளில் எழுதுவது போன்ற இயல்பு அதற்கு உளது. ஆனால் விலை மிகுதி. கண்ணாடி தடித்திருந்தால் கோலின் நுனிக்கும் கோட்டிற்கும் இடையே இடைவெளி தோன்றும். நெடுநேரம் குனிந்திருப்பதால் கழுத்தும் நோகும். திரையில்லாப் பலகையில் கை மேசைமேலும் கண் எதிரிலும் இருக்கும். முதலில் சில நாள் கோடுகள் திசை தவறிப் போகும். கையைப் பாராது திரையையே பார்த்து வரைந்து பழகினால் அது சீர்ப்படும். முதன்முதல் வாங்கும் மாணவர்க்குத் திரையில்லாப் பலகையே தக்கது. பழகியபின் வேறு வேண்டுமாயின் அதனை அப்பொழுது பார்த்துக்கொள்ளலாம். வரைதற்குரிய மென்பொருளுக்கும் பொருள் செலவிட வேண்டுவதில்லை. கிரிட்டா என்பது விலையின்றியே கிடைக்கிறது.

இவற்றையெல்லாம் கேட்டறிந்திருந்த அம்மகள் பெட்டிகளை விடுத்துப் பலகைகளை வரைந்து பார்க்கக் கேட்டாள். ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் ஓரமாகக் கோலை மிக மெல்ல நகர்த்தினாள். விலை மிக்க பலகையில் கோடு அலை அலையாக நெளிந்தது. 22 சென்டிமீட்டர்ப் பலகையில் நேராக விழுந்தது. ஒரு வட்டம் வரைந்தாள், வட்டமாகவே நின்றது. அவள் இடக்கைப் பழக்கமுடையவள். ஆதலின், பலகையைத் தலைகீழாகத் திருப்பிப் பொத்தான்கள் வலப்புறம் வருமாறு வைத்து வரைந்தாள். அதற்கேற்பத் திசையை மாற்றும் வசதியும் மென்பொருளில் இருந்தது.

தந்தை கொணர்ந்த பணத்தில் பாதியளவே செலவாயிற்று. மீந்ததில் மாற்று நுனிகள் சில வாங்கினர். கோலின் நுனி நாளடைவில் ஒருபுறம் தேய்ந்து உளிபோலாகிப் பலகையைக் கீறும். அந்நிலை வருமுன் மாற்றிவிடல் வேண்டும். தேய்ந்த நுனியைப் பிடுங்குதற்குரிய சிறு வளையம் பெட்டியின் மூலையில் கிடந்தது. கடைக்காரர் அதனை அட்டையோடு எறியப்போக, மகள் கைந்நீட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.