மரம் நட மானியம்: பெறுமுன் நாம் கற்க வேண்டியவை

தைப்பூசத்திற்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் நம் மக்களுள் பலர், அதன் அருகிலுள்ள தாவரவியல் பூங்காவையும் கண்டு திரும்புவர். நிழல் தரும் பெருமரங்கள் நிறைந்த அவ்விடம் ஒரு காலத்தில் கருங்கல் உடைக்கப்பட்ட இடம். கல் எடுத்து முடிந்த அந்நிலத்தில் 1884ஆம் ஆண்டில், சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் மேற்பார்வையில் பூங்கா அமைக்கப்பட்டது. பாழான நிலத்தையும் பசுமையாக்க இயலும் என்பதற்கு இதனினும் அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டியதில்லை. ஆனால், அதற்குப் பணமும் உழைப்பும் வேண்டும். அவற்றினும் மேலாக, பல ஆண்டுகள் விடாத பராமரிப்பு வேண்டும்.

இன்று மரம் நடுதல், சீர்கெட்ட நிலத்தைத் திருத்துதல், பொதுமக்கள் நடக்கும் பாதைகளை அமைத்தல் ஆகிய பணிகளுக்கு மானியம் வழங்கும் திட்டங்கள் பல உள்ளன. தோட்ட மக்களும் சங்கமாகச் சேர்ந்து இவற்றை நாடலாம். நாடுமுன் அறிய வேண்டிய சிலவற்றை இப்பாடத்தில் காண்போம்.

மானியம் என்றால் என்ன?

கடன் திருப்பித் தரவேண்டியது, மானியம் அவ்வாறன்று. ஆயினும் மானியம் இனாமும் அன்று. எந்தப் பணிக்கெனப் பெற்றோமோ அந்தப் பணிக்கே செலவிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் காட்ட வேண்டும்.

இரப்பர்த் தொழிலில் வாழ்ந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. 1950களில் தொடங்கிய மறுநடவுத் திட்டத்தின் கீழ், ஏற்றுமதியாகும் இரப்பருக்கு வரி விதித்து, அதில் சேர்ந்த நிதியிலிருந்து சிறுதோட்டக்காரர்களுக்கு மானியம் அளிக்கப்பட்டது. 1973இல் அமைக்கப்பட்ட ரிஸ்டா என்னும் வாரியம் அப்பணியை ஏற்றுக்கொண்டது. அம்மானியம் ஒரே முறையில் கொடுக்கப்படவில்லை. பழைய மரங்களை அகற்றினார்களா, கன்றுகளை ஒழுங்காக நட்டார்களா, களை எடுத்து உரமிட்டார்களா என்று அதிகாரிகள் பார்வையிட்ட பின்னரே தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. பால்மரம் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்று பிழைத்திருக்க வேண்டும் என்பதே அம்முறையின் நோக்கம். மானியம் நடுவதற்கு மட்டுமன்று, வளர்ப்பதற்கே என்பது இதிலிருந்து நாம் பெறும் முதற்பாடமாகும்.

மீனவர் காட்டிய வழி

பினாங்குக் கரையோர மீனவர்கள் 1994இல் தங்களுக்கென ஒரு நலச் சங்கம் அமைத்தனர். இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளரும் இடமாகிய கண்டல் காடுகள், அதாவது பக்காவ் காடுகள், அழிக்கப்பட்டதால் தம் பிழைப்புக் குன்றியதை அவர்கள் உணர்ந்தனர். 1997 முதல் தாங்களே கண்டல் கன்றுகளை நடத் தொடங்கினர். பின்னர் மாணவர்களும் நிறுவனங்களும் அவர்களுடன் இணைந்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் பினாங்கு மாநிலத்தில் 52 பேர் உயிரிழந்த பின், அலையின் வேகத்தைத் தணிக்கும் கண்டல் மரங்களின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

அம்மீனவர்கள் தாவரவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கடலையும் சேற்றையும் நன்கு அறிந்தவர்கள். அவ்வறிவே அவர்களது முதலீடு ஆயிற்று. அதுபோலவே, சரிவான நிலத்தில் மண்ணைக் காப்பது எப்படி என்பது நமக்குக் கைவந்த கலை. மலைச்சரிவில் மேடை வெட்டி வரிசையாக நடுதல், ஓடும் மண்ணைத் தடுக்கக் குழி தோண்டுதல், நிலத்தை மூடிக் காக்கவும் மண்ணுக்குத் தழைச்சத்துச் சேர்க்கவும் பயறுவகைக் கொடிகளைப் பரப்புதல் ஆகிய மூன்றும் தோட்டங்களில் நாம் நாள்தோறும் கண்டவை. நிலம் திருத்தும் திட்டங்களுக்கு வேண்டுவனவும் இவையே.

நடைபாதைக்கும் இந்த அறிவு பொருந்தும். சரிவில் நேர்கீழாக வெட்டிய பாதை, மழைக்காலத்தில் வாய்க்காலாக மாறிவிடும். சரிவுக்குக் குறுக்கே, சிறிதே சாய்வாகச் செல்லும் பாதையே நிலைக்கும். நீர் வழிந்தோட இடையிடையே குறுக்கு வடிகாலும் அமைக்க வேண்டும். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் பினாங்குக் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்ததை நாம் மறத்தலாகாது. அக்கொடிமலையும் அதனைச் சூழ்ந்த பகுதியும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன.

பணம் எங்கே கிடைக்கும்?

உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியத்தின் சிறுமானியத் திட்டம் 1992இல் தொடங்கப்பட்டது. இது ஊர்ச் சங்கங்களையும் சமூக அமைப்புகளையும் கருதியே அமைந்தது, மலேசியாவிலும் செயற்பட்டுள்ளது. பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உதவும் அனைத்துலகத் தழுவல் நிதியம், பினாங்குத் தீவின் நகர்ப்பகுதிகளில் மரம் வளர்த்து வெப்பத்தையும் வெள்ளத்தையும் குறைப்பதற்கென ஏறத்தாழ 10 மில்லியன் அமெரிக்க டாலருக்கு இசைவளித்தது. நம் நாட்டிலும் 2021 முதல் 2025 வரை 100 மில்லியன் மரங்கள் நடும் இயக்கம் நடத்தப்பட்டது. திட்டங்கள் வரும், முடியும், விதிகளும் மாறும். ஆகவே, மனு எழுதுமுன் அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறிதல் இன்றியமையாதது.

மனுவுக்கு முன் மூன்று

முதலாவது, பதிவு பெற்ற சங்கம். தனி ஒருவரின் பெயருக்குப் பொதுப்பணி மானியம் கிடைப்பது அரிது. சங்கத்திற்கு வங்கிக் கணக்கும் ஒழுங்கான கூட்டக் குறிப்புகளும் வேண்டும்.

இரண்டாவது, நில உரிமையாளரின் எழுத்து மூல இசைவு. இதனை நாம் அழுத்திக் கூறுகிறோம். நம் முன்னோர் காடு திருத்தி மரம் நட்ட நிலம் பெரும்பாலும் நம் பெயரில் இருந்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது, லயத்து வாசலில் வைத்த மாமரத்தையும் வேப்பமரத்தையும் விட்டுவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல. மீண்டும் அத்தகைய இழப்பு நேராதிருக்க, வாய்ச்சொல்லை நம்பாது எழுத்தில் பெற வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு இசைவு, நிலம் கைமாறினால் மரங்களின் கதி என்ன என்பவையும் அதில் இடம்பெற வேண்டும். ஆலயம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் நிலமாயினும் அவற்றின் நிர்வாகத்திடம் இசைவு பெறுக. அரசு நிலமெனில் நில அலுவலகத்தையும், ஒதுக்கப்பட்ட காடெனில் வனத்துறையையும் நாடுக.

மூன்றாவது, உண்மையான செலவுக் கணக்கு. எடுத்துக்காட்டாக, 200 கன்றுகள் நடுவதாக வைத்துக்கொள்வோம். கன்று ஒன்று 10 வெள்ளி எனில் 2,000 வெள்ளி. எருவுக்கும் ஊன்றுகோலுக்கும் 1,000 வெள்ளி. களையெடுக்கவும் நீர் ஊற்றவும் மாதம் 150 வெள்ளி வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 5,400 வெள்ளி. பட்டுப்போகும் 40 கன்றுகளுக்கு மாற்றாக 400 வெள்ளி. ஆக மொத்தம் 8,800 வெள்ளி. இதில் முதலில் வாங்கும் கன்றுகளின் விலை நாலில் ஒரு பங்குகூட இல்லை. கன்றின் விலையை மட்டும் எழுதி மானியம் பெற்றவர்கள், நடுவிழாப் படம் எடுத்ததோடு நின்றுவிட நேரும். அடுத்த வறட்சியில் கன்றுகள் கருகிவிடும். அடுத்த மனுவை ஏற்க எவரும் முன்வாரார்.

நட்ட பின்

ஒவ்வொரு கன்றுக்கும் எண் இட்டு, ஒரு குறிப்பேட்டில் பதிக. மூன்று மாதத்திற்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து, உயிருடன் உள்ளவை எத்தனை, பட்டவை எத்தனை, காரணம் யாது என எழுதுக. பட்டதை மறைக்க வேண்டியதில்லை. காரணத்துடன் எழுதப்பட்ட இழப்பு, மானியம் தருவோரிடம் நம்பிக்கையையே வளர்க்கும். பால்மரத்துக்கு எண் இட்டு நிரை பார்த்துப் பழகிய நம் மூத்தோர், இக்குறிப்பேட்டுப் பணியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

பிறர் நிலத்தில் பிறர் மரத்தைக் காத்து வளர்த்த அனுபவம் நம்மிடம் நிறைய உண்டு. அவ்வனுபவத்தை இனி நம் பிள்ளைகள் நிழலில் நடக்கும் பாதைக்காகவும் பயன்படுத்துவோம். அதற்கு முதற்படியாக, அடுத்த சங்கக் கூட்டத்தில் எந்த இடம், யாருடைய நிலம், யார் நீர் ஊற்றுவது என்னும் மூன்று கேள்விகளை எழுப்புவோமாக. மூன்றுக்கும் விடை கிடைத்த பின் மனு எழுத அமர்வோம்.