விளம்பரத் தரவை எடுத்துத் தரும் முகவர்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, கேள்விக்கு விடை எழுதுவதோடு நில்லாமல், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட கருவிகளைத் தானே தெரிந்தெடுத்து இயக்கி ஒரு வேலையை முடித்துத் தரும் மென்பொருளாகும். கருவி என்பது இங்கே, கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் விளம்பரக் கணக்கிலிருந்து செலவு, சொடுக்கு, முன்பதிவு ஆகியவற்றின் எண்ணிக்கைகளைக் கேட்டுப் பெறும் சிறு நிரலைக் குறிக்கும். இத்தகைய கருவிகளை முகவரோடு இணைப்பதற்கென 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி என்னும் நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் ஒரு பெயரையும், ஒரு விளக்கத்தையும், தான் ஏற்கும் உள்ளீடுகளின் அமைப்பையும் தாங்கி வருகிறது. வில்பத்து தேசியப் பூங்காவின் நுழைவாயில்களுள் ஒன்று அமைந்துள்ள எலுவன்குளத்தில் சுற்றுலா விடுதி நடத்தும் ஒருவர் தமது விளம்பரச் செலவை முகவரிடம் கேட்டறிய முற்படுவதாகக் கொண்டால், அந்தச் சில வரி விளக்கத்தின் தெளிவிலேயே அவருடைய பணம் தங்கியிருக்கிறது.

நம்பிக்கை: விளக்கம் நிரலாளருக்கான குறிப்பே, கருவியை முகவர் தானாகவே புரிந்துகொள்ளும்.

கருவிக்குள் இருக்கும் நிரலை முகவர் வழமையாகப் பார்ப்பதில்லை; பெயர், விளக்கம், உள்ளீட்டமைப்பு ஆகிய மூன்றைக் கொண்டே எதை அழைப்பது, எப்படி அழைப்பது என அது முடிவுசெய்கிறது. அந்த்ரோபிக், முகவர்களை இயக்கும் மொழி மாதிரிகளுள் ஒன்றான தனது கிளாட்டுக்கு இணையத் தேடல் கருவியை வழங்கியபோது, மாதிரி தேடற்சொற்களோடு 2025 என்னும் ஆண்டைத் தேவையின்றிச் சேர்த்து முடிவுகளைக் கோணலாக்கியதையும், கருவியின் விளக்கத்தைத் திருத்தி அதனை நெறிப்படுத்தியதையும் அந்நிறுவனமே பின்னர் எழுதியுள்ளது.

நம்பிக்கை: எண்கள் தம்மைத் தாமே விளக்கிக்கொள்ளும்.

பெரும் பிழைகள் விளைவது இங்கேதான். கூகுளின் விளம்பர இடைமுகம் செலவை நாணயத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு தருவதால் 1,250 ரூபாய் 1,250,000,000 என வந்து சேர்கிறது. மெட்டாவோ செலவை நாணய அலகிலேயே தந்தாலும், நாளொன்றுக்கான செலவு வரம்பைப் பெரும்பாலான நாணயங்களில் சதக் கணக்கில் தருகிறது. இந்த வேறுபாட்டை விளக்கத்தில் எழுதாவிட்டால் முகவர் ஊகிக்கும். ஊகித்த தொகையும் சரியான தொகையைப் போலவே ஒழுங்காக அட்டவணையில் அமர்ந்துவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து.

நேரவலயம் இன்னும் நுட்பமானது. கணக்கு அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் திறக்கப்பட்டிருந்தால், திசம்பர் மாதத்தில் அதன் ஒரு நாள் இலங்கை நேரப்படி பிற்பகல் 1.30க்குத் தொடங்கி மறுநாள் அதே நேரத்தில் முடிகிறது. கலா ஓயா பெருகி எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும் மாரிக்காலத்தில், பயணிகள் வர இயலாதெனக் கருதி விடுதியார் 6ஆம் திகதி மாலை 6 மணிக்கு விளம்பரத்தை நிறுத்திவிட்டு, 8ஆம் திகதி காலையில் நேற்றைய செலவு எவ்வளவு எனக் கேட்டால், கணக்கின் ‘நேற்று’ 6ஆம் திகதி பிற்பகலையும் உள்ளடக்குவதால், நிறுத்தப்பட்ட விளம்பரம் இன்னும் பணத்தை விழுங்குவதாகவே விடை வரும். அதற்கடுத்த நாட்களுக்கோ, விளம்பரம் ஒருமுறையேனும் திரையில் தோன்றாத நாளுக்குக் கூகுள் நாள்வாரி அறிக்கையில் வரியே அனுப்பாததால், அந்த வெறுமையைக் கோளாறெனக் கொண்டு முகவர் கருவியைத் திரும்பத் திரும்ப அழைக்கக்கூடும். மெட்டா வழமையாகச் சொடுக்கியபின் 7 நாட்களுக்குள்ளும், பார்த்தபின் 1 நாளுக்குள்ளும் நிகழும் முன்பதிவை விளம்பரத்தின் பலனாகச் சேர்ப்பதால், அண்மைய நாட்களின் பலன் பின்னரும் உயரலாம் என்பதும் விளக்கத்தில் இடம்பெற வேண்டியதாகும்.

ஆகவே, ‘விளம்பரத் தரவைப் பெறும்’ என்று எழுதுவது விளக்கமாகாது. ‘ஒரு கூகுள் கணக்கின் நாளாந்தச் செலவைப் பிரசாரவாரியாகத் தரும், திகதியை 2025-12-06 என்னும் வடிவில் கொடுக்க வேண்டும், நாள், கணக்கின் நேரவலயப்படி எண்ணப்படும், செலவு இலங்கை ரூபாயாக மாற்றியே தரப்படும், விளம்பரம் தோன்றாத நாளுக்கு வரி வராது, அது பிழையன்று, மெட்டா கணக்குகளுக்கு இதனைப் பயன்படுத்தலாகாது’ என எழுதுவதே விளக்கம்.

நம்பிக்கை: விளக்கம் நீளநீள, கருவிகள் பெருகப்பெருக, முகவர் திறமை பெறும்.

இணைக்கப்பட்ட கருவிகளின் விளக்கங்கள் மாதிரி ஒரே வேளையில் கருத்தில் வைத்திருக்கக்கூடிய அளவில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன; ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் மூன்று கருவிகள் இருந்தால், எதை அழைப்பதென்னும் தடுமாற்றமும் அதனோடு சேர்கிறது.

நம்பிக்கை: ‘படிக்க மட்டும்’ என எழுதிவிட்டால் கணக்கு பாதுகாப்பாக இருக்கும்.

விளக்கம் கருவியைப் பற்றிச் சொல்லுமேயன்றி அதனைக் கட்டுப்படுத்தாது. கருவி எதையும் மாற்றாது என அறிவிக்கும் குறிப்பை எம்சிபி நெறிமுறை அனுமதித்தாலும், நம்பகமான இடத்திலிருந்து வந்தாலன்றி அத்தகைய குறிப்புகளை நம்பலாகாதென்றும் அதுவே வரையறுக்கிறது. காப்பு அனுமதி மட்டத்திலேயே அமைய வேண்டும்: மெட்டாவில் விளம்பரத் தரவைப் படிப்பதற்கான அனுமதியும் விளம்பரங்களை நிர்வகிப்பதற்கான அனுமதியும் வெவ்வேறாக வழங்கப்படுகின்றன; தரவை எடுத்துத் தரும் முகவருக்கு முதலாவது மட்டுமே போதும்.