நாற்காலியை விடாத பிரதமர்

கொரோனா ஊரடங்கை மீறியதற்காக அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குப் போலீஸே அபராதம் போட்டது. அப்புறமும் பதவியை விடவில்லையே, அப்படிப்பட்ட பிரதமரை யாராலும் இறக்க முடியாதா? – வாசகி, திண்டுக்கல்

முடியும், இறக்கியும் விட்டார்கள். பிரிட்டனில் பிரதமரின் குடுமி சொந்தக் கட்சி எம்.பி.க்கள் கையில். அபராதத்தால் பதவி போகாது, எம்.பி.க்கள் கைவிட்டால் போகும். 2022 ஜூன் 6-ல் அவரது கன்சர்வேட்டிவ் கட்சிக்குள் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் 211-க்கு 148 என்று தப்பினார். ஒரே மாதம்தான்! அவர் நியமித்த துணைக் கொறடா மீதான புகார் வெடித்ததும் அமைச்சர்கள் ரிஷி சுனக், சாஜித் ஜாவித் ராஜினாமா செய்தார்கள். தொடர்ந்து ஆட்சியில் இருந்த 50 பேருக்கு மேல் பொறுப்புகளை உதறினார்கள். ஜூலை 7-ல், ஜான்சன் வீட்டு வாசலில் நின்று விலகலை அறிவித்தார். சாகக் கிடந்த பெற்றோரைக்கூடப் பார்க்க முடியாமல் மக்கள் தவித்த காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் விருந்து! உங்கள் கோபம் நியாயமானது. அந்த விருந்துகள் குறித்து நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தியது பற்றிய விசாரணையால் 2023-ல் எம்.பி. பதவியையும் விட்டார்.