மெத்தைதான் இருக்கிறதே, இறங்குவதற்கு என்ன தயக்கம்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. அரக்கோணத்திலிருந்து வாரம் இரண்டு நாள் மின்சார ரயிலில் சென்னைக்கு அழைத்துப்போய் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொடுக்கிறோம். கம்பியில் நன்றாகத் தொங்கி ஆடுகிறாள். ஆனால் அங்கிருந்து தாவி இறங்க மட்டும் மாஸ்டர் விடுவதே இல்லை. மாதக்கணக்காக ஒரு பெட்டிமேல் ஏறிக் குதித்து நிற்கும் பயிற்சிதான். கீழே மெத்தை போட்டிருக்கும்போது எதற்கு இந்தத் தயக்கம்? இன்னொன்று: நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். உள்ளங்கையில் மாட்டும் தோல் கிரிப்பை நானே தைத்துக் கொடுக்கலாமா?
– வாசகர், அரக்கோணம்

பதில்: இரண்டுமே நல்ல கேள்விகள் ஐயா. கிரிப்பைப் பற்றிய கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. தோலோடு பழகுகிற ஒருவருக்குத்தான் அது தோன்றும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மெத்தை தடிமனாக இருந்தால் போதும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பாத பெற்றோரே அநேகமாக இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் மகளின் எடை 25 கிலோ என்றும், ஒன்றரை மீட்டர் கீழே வந்தபின் அவள் பாதம் மெத்தையைத் தொடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். போட்டிகளில் உயரக் கம்பி தரையிலிருந்து 250 செ.மீ. உயரத்தில் இருக்கும் என்பதால் இது மிகையான கணக்கு இல்லை. முழங்காலை மடக்காமல் விறைப்பாக இறங்கினால், மெத்தை அமுங்கும் 10 செ.மீ. தூரத்துக்குள் அவள் உடம்பு முழுவதும் நின்றாக வேண்டும். அப்போது கால்கள் தாங்கும் சராசரி விசை 400 கிலோ எடைக்குச் சமம். அதே மெத்தையில் முழங்காலையும் இடுப்பையும் மடக்கி இன்னும் 30 செ.மீ. தாழ்ந்தபடி நின்றால், அது 120 கிலோவுக்குக் கீழே போய்விடும். மெத்தை அதேதான், பிள்ளையும் அதே பிள்ளைதான். வித்தியாசம் முழுக்கக் காலில் இருக்கிறது.

அப்படியானால் இன்னும் மெத்தென்று ஒரு மெத்தையைப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். பஞ்சுபோல் அமுங்கும் தடித்த மெத்தை, முதுகில் விழப் பழகுவதற்கு நல்லது. காலில் இறங்குவதற்கு அது எப்போதும் நல்லதல்ல. பாதம் புதைந்து சிக்கிக்கொள்ளும். உடம்பில் சுழற்சி மிச்சம் இருந்தால் அந்தத் திருகல் கணுக்காலிலோ முழங்காலிலோ போய் முடியும். போட்டி மெத்தைகள் சுமார் 20 செ.மீ. தடிமனில், கையால் அழுத்தினால் சட்டென்று அமுங்காத அளவுக்கு இறுக்கமாக இருப்பது இதனால்தான். அடுத்த முறை கூடத்துக்குப் போகும்போது இரண்டு மெத்தைகள் சேரும் இடத்தைப் பாருங்கள். அந்த இடைவெளியில் குழந்தையின் முன்பாதம் இறங்குமானால் உடனே மாஸ்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பெட்டிக்கு வருவோம். பயிற்சி அலுப்பாகத் தெரிந்தாலும் மாஸ்டர் அங்கே நிறையப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதங்கள் இடுப்பகலத்துக்கு விலகியிருக்கின்றனவா? காலை ஒட்டவைத்து இறங்குவதுதான் அழகு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சர்வதேச விதியே சற்று விலக்கி இறங்க இடம் கொடுக்கிறது. நின்றபின் முன்பாதத்தைத் தூக்காமல் குதிகால்களைச் சேர்த்துக்கொண்டால் போதும். முழங்கால்கள் கால்விரல்களின் திசையிலேயே மடங்குகின்றனவா, அல்லது ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கின்றனவா? இந்த உள்சாய்வு பெண் பிள்ளைகளிடம் அதிகம். ஏ.சி.எல். எனப்படும், முழங்காலுக்குள் குறுக்கே ஓடி மூட்டை இறுக்கிப் பிடிக்கும் தசைநார், பெரும்பாலும் இப்படித்தான் கிழிகிறது. பிருஷ்டம் குதிகாலைத் தொடும் அளவுக்குக் குந்துவதும் கூடாது. தொடை தரைக்கு இணையாக வருவதற்கு முன்பே உடம்பு நின்றுவிட வேண்டும்.

விழுவதையும் அங்கேதான் கற்றுக்கொடுப்பார். பின்னால் சாயும் பிள்ளை தன்னையறியாமல் கையைப் பின்னே நீட்டி ஊன்றும். முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பலர் நீட்டிய கையில் விழுந்தவர்கள். அதனால் கைகளை முன்னால் வைத்துக்கொண்டு, தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகைப் பந்தாக்கி உருளப் பழக்குகிறார்கள். யோசிக்காமல் உடம்பு தானாகச் செய்யும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மாதங்கள் போவது இதற்குத்தான்.

அகர்தலாவின் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாக்கர் நினைவிருக்கும். தட்டைப் பாதத்தோடு பிறந்தவர். உள்வளைவு இல்லாத பாதம் இறக்கத்தின் அதிர்ச்சியை வாங்கும் விதமே வேறு என்பதால், பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அந்தப் பாதத்துக்காகவே நிறைய உழைக்க வேண்டியிருந்தது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட் (ஓடிவந்து மேசையில் கையூன்றித் தாவுவது) இறுதிச் சுற்றில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம். வெண்கலத்துக்குக் குறைந்தது 0.15 புள்ளி. அவருடைய புரொடுனோவா என்ற இரட்டைக் கரணத் தாவலின் இறக்கத்தில் எவ்வளவு ஆழமாகக் குந்த வேண்டியிருந்தது என்பதைக் காணொளியில் பாருங்கள். காற்றில் இரண்டு கரணம் போட்டவருக்கே தரையைத் தொடும் அந்தக் கணம் அவ்வளவு கடினமாக இருந்தது. மறு ஆண்டே அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சையும் நடந்தது.

ஆனால் பத்திரமாக இறங்குவதில் பாதிதான் கால் வேலை. மீதிப் பாதி கம்பியைக் கை விடும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. டிஸ்மவுண்ட் (கம்பியை விட்டு இறங்கும் கடைசி அசைவு) பற்றிப் பெற்றோர் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். கை விட்டபிறகு உடம்பு போகும் பாதையைப் பிள்ளையால் மாற்றவே முடியாது. முட்டியைக் கட்டிக்கொண்டு வேகமாகச் சுழலலாம், நீட்டிக்கொண்டு மெதுவாகச் சுழலலாம், அவ்வளவுதான். கவணிலிருந்து கிளம்பிய கல் எங்கே போகும் என்பது கயிற்றை விட்ட இடத்தைப் பொறுத்ததல்லவா, அதே கதைதான். முன்னோக்கி ஆடிக் கரணம் போட்டு இறங்கும்போது, சீக்கிரம் விட்டால் தாழ்வாகவும் தூரமாகவும் போய் விழுவாள். சுழற்சியை முடிக்க உயரம் கிடைக்காது. உடம்பு கம்பி மட்டத்தையும் தாண்டி மேலே போனபிறகு விட்டால், திரும்பிக் கம்பியை நோக்கியே வருவாள். பயந்த பிள்ளை செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது தவறை. பிடித்துக்கொண்டிருப்பதுதான் பத்திரம் என்று மனசு சொல்கிறது, கை தாமதிக்கிறது. சில சமயம் ஒரு கை விட்டு மறு கை விடாமல், உடம்பு திரும்பி ஒற்றைக் காலில் இறங்குவார்கள். அதைவிட மோசமான இறக்கம் இல்லை.

அதனால்தான் நல்ல மாஸ்டர்கள் முதல் டிஸ்மவுண்டாகக் கரணத்தைத் தருவதில்லை. சிறிய ஆட்டம் ஆடி, பின்பக்கம் உச்சிக்குப் போனதும் இரண்டு கையையும் ஒன்றாக விடச் சொல்வார்கள். ஆட்டத்தின் உச்சியில் உடம்பு ஒரு கணம் நிற்கிறது. வேகம் இல்லாததால் நேராகக் கீழே வருவாள், பெட்டியிலிருந்து குதித்துப் பழகிய அதே இறக்கம். அப்போதும் மாஸ்டர் பக்கவாட்டில் நின்று ஒரு கையை வயிற்றிலும் ஒரு கையை முதுகிலும் கொடுப்பார். இதை ஸ்பாட்டிங் என்பார்கள். பிள்ளையைத் தூக்குவதற்காக அல்ல, தவறினால் தலை கீழே போகாமல் தடுப்பதற்காக. வெளியிலிருந்து பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் எந்தக் கணத்தில் எங்கே கை போக வேண்டும் என்பது பழக்கத்தில்தான் வரும். பாசம் எவ்வளவு இருந்தாலும் பழக்கமில்லாத கை அங்கே தாமதமாகத்தான் போகும். ஆகவே பார்க்கில் இருக்கும் கம்பியில் நீங்களே பிடித்துக்கொண்டு பழக்குவது வேண்டாம்.

இனி கிரிப். தைத்துக் கொடுக்க வேண்டாம் ஐயா. காரணம் நீங்கள் நன்றாக அறிந்ததுதான். ஷூவின் மேல்பகுதிக்குப் போகும் குரோம் தோல் பாதத்துக்கு ஏற்ப இளகிக்கொடுக்க வேண்டும். கிரிப்புக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர். கிரிப்பில் விரல்களுக்கு அருகே ஒரு சிறு உருளை வைத்துத் தைத்திருப்பார்கள். தோல் நீண்டுபோனாலோ, அளவு பெரிதாக இருந்தாலோ, அது கம்பியைச் சுற்றி வந்து தன்மேலேயே ஏறி இறுகிவிடும். இதற்கு கிரிப் லாக் என்று பெயர். கை கம்பியோடு பூட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் வேகத்தோடு சுழல, முன்கை எலும்பு முறியும். விட வேண்டிய நொடியில் கை விடாமல் போவதற்கு இதைவிடப் பயங்கரமான காரணம் இல்லை. உங்கள் மகளின் இப்போதைய ஆட்டத்துக்குக் கிரிப்பே தேவையில்லை, உள்ளங்கையில் மெக்னீசியம் கார்பனேட் பொடி போதும். கம்பியை முழு வட்டமாகச் சுற்றும் கட்டம் வரும்போது கையை அளந்து சரியான அளவில் வாங்குங்கள். அப்போது உங்கள் தொழில் அவளுக்குப் பெரிய துணை. மாதம் ஒருமுறை விரல் துளை ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா, வாங்கியபோது இருந்த நீளம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். தோல் எப்போது தளர்ந்தது என்று உங்களைப்போல் கண்டுபிடிக்க மாஸ்டராலும் முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வயதில் எலும்பு நுனிகளில் வளர்ச்சித் தட்டு இருக்கும்; அதாவது இன்னும் கெட்டியாகாத, எலும்பு வளரும் குருத்துப் பகுதி. குதிகாலில் உள்ள தட்டு தொடர்ந்து குதிப்பதால் வலிக்கத் தொடங்கும். பயிற்சி முடிந்து ரயிலில் வரும்போது அவள் குதிகாலை ஊன்றாமல் நடந்தால், "சும்மா நடிக்கிறாள்" என்று விட்டுவிடாதீர்கள். சில நாள் குதிப்பதை நிறுத்துங்கள். குறையவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், கண்ணாடி முன் நின்று முழங்கால் உள்ளே சாயாமல் மெதுவாகப் பாதி குந்தி எழட்டும், ஒற்றைக் காலில் நின்று பழகட்டும். சிமென்ட் தரையில் மட்டும் குதிக்க விடாதீர்கள். கம்பியிலிருந்து இறங்குவது எப்போது என்பதை மாஸ்டரே முடிவு செய்யட்டும்.