டைல்ஸில் மை கொட்டிவிட்டதா? ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள்

தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு வந்தால், எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் அடுத்த வேலை கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது. சிட்டா அடங்கல், பாஸ்புக், ஆள்கூலி எழுதிய நோட்டு, ஆத்தாவின் கைநாட்டுக்கு ஒரு ஸ்டாம்ப் பேட் என்று எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். நடுவே ஒரு பிள்ளை ஓடினால் போதும், மை தரையில்தான்.

பாபநாசத்தில் என் அக்கா வீட்டுச் சிவப்புத் தரையில் மார்க்கர் கறை ஒன்று விழுந்தது. யாரோ சொன்னார்கள் என்று ஆசிட் ஊற்றினார்கள். கறை இன்னும் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றித் தட்டளவுக்கு வெளிறிப்போன வட்டம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. என்ன மை, எந்தத் தரை என்ற இரண்டு கேள்வியையும் கேட்காமல் கை வைத்ததன் பலன் அது.

1. முதலில் தரையைப் பாருங்கள். கறைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு முத்துப்போல நின்றால் அது மேலே கண்ணாடிப் பூச்சுள்ள டைல்ஸ். குளியலறைச் சுவரிலும் அடுப்படியிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். இதில் மை மேலாகத்தான் உட்காரும், கவலை வேண்டாம். சொட்டு ஊறி அந்த இடம் கறுத்தால், அது குடிக்கும் தரை. பழைய வீட்டுத் தட்டோடு, சிமென்ட் தரை, காவித் தரை, மொசைக் எல்லாம் இந்த வகை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். அது சூளையில் சுட்டது இல்லை. சிமென்ட், மணல், வண்ணப்பொடி கலந்து கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துக் காயவைப்பது. பளபளப்பைப் பார்த்து ஏமாந்து, டைல்ஸ் என்றே நினைத்து ஆசிட் ஊற்றினால் பூ வேலைப்பாடு கண்முன்னே நுரைத்துப் போகும்.

2. ஈரமாக இருக்கும் மையைத் துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் மை சிந்தினால் சாக்பீஸை அதன் மேல் வைப்போமே, சாக்பீஸ் நீலமாக ஏறுவதை வேடிக்கை பார்ப்போமே, அதே வித்தைதான். சாக்பீஸ் இல்லையென்றால் முகப்பவுடரைக் கொட்டுங்கள். பழைய வேட்டித் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், அதன் கறுப்பும் சேர்ந்து ஒட்டும்.

3. பால்பாயிண்ட் பேனா மை எண்ணெய்ப் பசையுள்ளது. தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்கு அசையும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டோ, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் தூங்கும் சானிடைசரோ போதும். பஞ்சில் நனைத்து அரை நிமிடம் கறை மேல் வைத்திருந்து, பிறகு துடையுங்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எடுத்த மையையே திரும்பப் பூசுகிறோம்.

4. பர்மனென்ட் மார்க்கர் பெயரில்தான் நிரந்தரம். வகுப்பறை வெள்ளைப் பலகைக்குப் பயன்படுத்தும் மார்க்கரை எடுத்து அந்தக் கறையின் மேலேயே கிறுக்கி, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். புது மையில் உள்ள கரைப்பான் பழைய மையையும் இளக்கிக் கொண்டுவரும். கண்ணாடிப் பூச்சு டைல்ஸில் மட்டும் இதைச் செய்யுங்கள். மிச்சம் இருந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டு சொட்டு.

5. எல்லாவற்றிலும் பொல்லாதது ஸ்டாம்ப் பேட் ஊதா. துளி மை, ஒரு வாளித் தண்ணீரை ஊதாவாக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றாதீர்கள். முதலில் உலர்ந்த துணியால் ஒற்றி, பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சு. வெள்ளை டைல்ஸில் கடைசியாக வெளிர் ஊதாச் சாயல் நிற்கும். அதற்கு, ஸ்பிரிட்டைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்ட பிறகு, தண்ணீர் கலந்த பிளீச்சில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைத்தால் சாயம் வெளுத்துவிடும்.

6. மைப்பேனா மை சாயத் தண்ணீர்தான். பாத்திரம் கழுவும் சோப்பே பாதி வேலையைச் செய்யும். ஆனால் தாத்தாவின் பெட்டியில் கிடந்த பழைய நீலக்கறுப்பு மை கொட்டினால் பிளீச் பக்கமே போகாதீர்கள். அந்த வகை மையில் இரும்பு உண்டு. நீலம் போய்த் துருப் பழுப்பு மிஞ்சும். கண்ணாடிப் பூச்சு டைல்ஸானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் அதை எடுக்கும். சிமென்ட் தரையில் எலுமிச்சை படவே கூடாது, புளியும்தான். ஜெல் பேனா மையில் இருப்பது நுண்ணிய நிறப்பொடி, கரையாது. அதைப் பற்பசை தொட்டு மெதுவாகத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

7. தேர்தல் மை தனி ரகம். மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் தயாரிக்கும் இந்த மை 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரலில் ஏறுகிறது. அதிலிருக்கும் சில்வர் நைட்ரேட் வெளிச்சம் பட்டதும் கறுக்கும். அது சாயம் இல்லை, வெள்ளியே படிந்து நிற்பது. அதனால் ஸ்பிரிட்டும் சோப்பும் அதனிடம் தோற்கும். வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிகளில் மேசைக்குக் கீழே தரையில் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். சிந்திய உடனே, கறுக்கும் முன்பே, ஈரத்துணியால் எடுத்துவிட்டால் உண்டு. கறுத்த பிறகு பற்பசையோ மெலமைன் ஸ்பாஞ்சோ வைத்துச் சுரண்டுவதுதான். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் பத்து ஓட்டுப் போட்டவர்போலத் தெரிவீர்கள்.

8. ஈரச் சாக்கை டைல்ஸில் நாலு நாள் அடுக்கினால் சாக்கில் அச்சடித்த எழுத்து இடவலம் மாறித் தரையில் படியும். டர்பன்டைன் நனைத்த துணி, பிறகு சோப்புத் தண்ணீர். விதைநெல் சாக்கானாலும் அடியில் ஒரு பலகை போட்டுவிடுங்கள், நெல்லுக்கும் அது நல்லது.

9. ஜெராக்ஸ் மெஷின் டோனர் கொட்டினால் வெந்நீர் கூடாது. அது பிளாஸ்டிக் கலந்த பொடி, சூட்டில் இளகி ஒட்டும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணி.

10. டைல்ஸ் ஜாயிண்டில் இறங்கிய மை டைல்ஸில் விழுந்ததைவிடக் கஷ்டம். சமையல் சோடாவை ஸ்பிரிட்டில் குழைத்து அப்பி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். இரண்டு முறை பார்த்தும் போகவில்லை என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். அந்த அங்குலத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, அதே நிற ஜாயிண்ட் பவுடரைக் குழைத்து அடைத்துவிடலாம். கொத்தனார் கூடத் தேவையில்லை.

11. குடிக்கும் தரையில் மை இறங்கிவிட்டால் தேய்க்கத் தேய்க்க அது உள்ளேதான் போகும். மேலே இழுக்கத்தான் பற்றுப் போட வேண்டும், தலைவலிக்குப் போடுவதுபோல. முகப்பவுடரை ஸ்பிரிட்டில் தோசைமாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, கறைக்கு மேல் அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போது மை பவுடருக்கு ஏறிவரும். ஒரே நாளில் போகாது. மூன்று, நான்கு பற்று ஆகலாம். முதலில் கட்டிலுக்கு அடியில் யார் கண்ணுக்கும் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். ஸ்பிரிட் பட்ட இடத்தில் மெருகு மங்கினால் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தால் திரும்பும்.

12. கம்பி நார் வேண்டவே வேண்டாம். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சட்டென்று புரியும். எழுத்தாணியால் ஓலையைக் கீறி, மேலே கரிமை பூசித் துடைப்பார்கள். கீறலில் இருக்கும் மை மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் துணியோடு வந்துவிடும். கம்பி நாரால் டைல்ஸைத் தேய்ப்பது அதற்கு எழுத்தாணி போடுவது. அடுத்த தடவை சிந்தும் மை அந்தக் கீறலில் போய் உட்காரும், எழுத்துப்போல. ரைஸ்மில் உமிச்சாம்பலுக்கும் இதே சட்டம்தான். அதில் சிலிக்கா மிகுதி. வெண்கலப் பானைக்கு அது போல வராது, பளபளக்கும் டைல்ஸை மட்டும் மழுக்கிவிடும்.

13. பிளீச்சையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள், ஒன்றைத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடாமல் மற்றதைத் தொடாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. கதவு மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பிளீச்சோடு ஸ்பிரிட்டும் சேரக்கூடாது. ஸ்பிரிட், டர்பன்டைன், ரிமூவர் எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பூஜை விளக்கும் அடுப்பும் அணைந்திருக்கட்டும்.

14. எதற்கும் மசியாத கறை என்றால் அந்த ஒரு கல்லைப் பெயர்த்து மாற்ற வேண்டியதுதான். கடையில் அதே பெயர், அதே எண் சொல்லி வாங்கினாலும் அடுத்த தயாரிப்பின் நிறம் ஒரு நூல் மாறித்தான் வரும். வீடு கட்டுகிறவர்கள் பதித்தது போக மிஞ்சும் டைல்ஸை மேஸ்திரியிடம் கொடுத்துவிடாமல், அறைக்கு நாலு வீதம் பரணில் ஏற்றி வையுங்கள்.